படுக்கையில் விழுந்தால் பார்ப்பது யார்?

காய்ச்சலுக்கு மருந்து உண்டு. கால் முறிந்தால் வைத்தியசாலை உண்டு. ஆனால் முதுமையில் எழும்ப முடியாமற் படுத்துவிட்ட ஒருவரைக் குளிப்பாட்டவும், உடுப்பு மாற்றவும், உணவூட்டவும் ஆள் வேண்டும். ஊரில் இருந்தபோது வீட்டாரும் அயலாரும் இவ்வேலையைப் பகிர்ந்து செய்தோம். இடம்பெயர்ந்து, பிள்ளைகள் திக்குக்கு ஒருவராய்ப் போனபின் அச்சுமை ஒருவரின் தலையிலேயே விழுகிறது. பெரும்பாலும் அவர் ஒரு பெண்.

எம்மவர் பலர் குடியேறிய ஜேர்மனியில் இதற்கெனக் கட்டாயப் பராமரிப்புக் காப்புறுதி 1995 இல் தொடங்கப்பட்டது. தொழிலாளியிடமும் தொழில் கொடுப்போரிடமும் இதற்குப் பணம் அறவிடப்படுகிறது. 2017 முதல் இயலாமை ஐந்து தரங்களாகக் கணிக்கப்படுகிறது. இரண்டாம் தரத்திலிருந்து, வீட்டில் உறவினரே பராமரித்தாலும் மாதந்தோறும் பணம் கிடைக்கும்.

ஆனால் இக்காப்புறுதி முழுச் செலவையும் ஏற்பதில்லை. பராமரிப்பு இல்லத்தில் தங்குபவர் அறைக்கும் உணவுக்கும் தாமே செலுத்த வேண்டும். பராமரிப்புச் செலவிலும் ஒரு பகுதி அவரையே சாரும். இக்குறையை நிரப்பவே தனியார் கம்பனிகள் மேலதிகக் காப்புறுதியை விற்கின்றன.

இதனை ஊக்குவிக்க அந்நாட்டு அரசு 2013 இல் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. காப்புறுதி எடுப்பவர் மாதம் 10 யூரோவாவது செலுத்தினால், அரசு 5 யூரோ சேர்த்தது. நோயாளி என்று எவரையும் மறுக்க முடியாது. ஆயினும் ஏற்கெனவே பராமரிப்பு உதவி பெறுபவர் சேர முடியாது. சேர்ந்தபின் ஐந்து ஆண்டுகள் வரை காத்திருக்கவும் நேரலாம். ஆகவே, விழுந்தபின் தேடினால் பயனில்லை.

ஜேர்மனியிலுள்ள பிள்ளைகளுடன் பேசும்போது இதை நினைவூட்டுங்கள். உங்கள் வாசலுக்கு எந்தக் காப்புறுதி முகவர் வந்தாலும் நீங்களும் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்த அளவு இயலாமைக்குப் பணம் கிடைக்கும்? அதை யார் தீர்மானிப்பார்?

2. எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

3. மாதக் கட்டணம் பின்னர் கூடுமா?

4. இடையில் கட்ட முடியாமற் போனால், கட்டிய பணம் என்னாகும்?

பதில்கள் எழுத்தில் இருக்கட்டும். விளங்காவிட்டால், விளங்கிய ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். வரம்பு உடைந்திருக்கிறதா என்று பாராமல் நாம் வயலுக்குத் தண்ணீர் கட்டுவதில்லை. நிபந்தனைகளைப் பாராமல் கையொப்பமும் வேண்டாம்.

காப்புறுதி பணம் தரும். தூக்கிவிடக் கை தராது. அந்தக் கை யாருடையது, அவருக்கு ஓய்வு கொடுப்பது யார் என்பதைக் குடும்பமாக இருந்து இன்றே பேசுங்கள்.