வாட்டர் பம்ப் ஒழுகுது!



நம்ம ஊரில் மீன் வண்டியைப் பார்க்காதவர் யாராவது உண்டா? எங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. பழைய சின்ன லாரி. பாம்பனில் மீனும் ஐஸும் ஏற்றி அப்பா ராமநாதபுரம் கொண்டு போவார். அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் வண்டியே கொதித்துவிட்டால்?

அரைப்பரீட்சை லீவில் ஒருநாள் காலையில் பார்த்தால், வண்டியின் முன்பக்கம் தரையெல்லாம் துருக் கலரில் ஈரம். மாமா மெக்கானிக். வந்து குனிந்து பார்த்தவர் சொன்னார்: "மச்சான், வாட்டர் பம்ப் போயிருச்சு. இப்படியே ஓட்டுனீங்கன்னா எஞ்சின் சீஸ் ஆயிரும்." பட்டறைக்குக் கொண்டு போனால் இரண்டு நாள் நிற்கும், கூலியும் ஆகும். அதனால் வீட்டு வேப்பமரத்தடியிலேயே வேலை நடந்தது. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நான். அன்று கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வாட்டர் பம்ப் என்ன செய்கிறது?

டீசல் எரிந்து வரும் வெப்பத்தை ஏறக்குறைய மூன்று பங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடுகிறது. மீதி ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். எஞ்சினுக்குள் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் ஆறி, திரும்ப உள்ளே போகும். இப்படிச் சுற்றவைப்பதுதான் வாட்டர் பம்ப். நம் வீட்டு மோட்டார் பம்பு மாதிரியே இதற்குள்ளும் ஒரு சக்கரம் சுழன்று தண்ணீரை வீசித் தள்ளும். சுழற்றுவது ஃபேன் பெல்ட்.

ஒரு வியப்பான செய்தி: 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு மாடல் டி கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். நாம் அறிவியலில் படித்த வெப்பச்சலனம்தான்! ஆனால் பாரம் ஏற்றும் லாரிக்கு அது போதாது.

அந்தச் சின்ன ஓட்டை

பம்பின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. தண்ணீர் அதன் வழியாகத்தான் சொட்டியது. "மாமா, இதை அடைச்சிட்டா ஒழுகாதுல்ல?" என்று கேட்டேன். மாமா சிரித்தார். "அதுதான் மருமகனே நம்மளக் காப்பாத்துது!"

பம்பின் தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு சீல் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பேரிங். சீல் தேய்ந்தால் கசியும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரத்தான் அந்த ஓட்டை. அடைத்துவிட்டால் பேரிங் துருப்பிடித்து உடையும். எங்கள் வண்டியில் ஃபேனும் அதே தண்டில்தான் மாட்டியிருக்கிறது. அது ஆட்டம் கண்டால் ரேடியேட்டரையே கிழித்துவிடும். ஆகவே சொட்டுகிற ஓட்டை எதிரியல்ல, எச்சரிக்கை மணி!

மாற்றிய முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயருக்குக் கட்டை கொடுத்தோம். எஞ்சின் நன்றாக ஆறும்வரை தொடவில்லை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

2. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் தண்ணீரைச் சட்டியில் பிடித்தோம். கூலண்ட் கலந்த தண்ணீர் இனிக்கும், ஆனால் விஷம். கோழி, ஆடு, நாய் குடிக்காமல் மூடி வைக்கவேண்டும்.

3. ஃபேன், பெல்ட், ஓஸ் எல்லாம் கழற்றினோம். பம்ப் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டையில் பம்ப் படம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே போல்ட்டைக் குத்தி வைத்தேன். (இது என் ஐடியா!)

4. பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தோம். துணுக்கு உள்ளே விழாமல் ஓட்டைகளில் துணி வைத்து, பிறகு மறக்காமல் எடுத்தோம்.

5. புதுப் பம்பைப் பழையதோடு வைத்து ஓட்டைகள் சரியா என்று பார்த்து, புது பேக்கிங்குடன் மாட்டினோம். ஒரே போல்ட்டை முழுசாக முறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கவேண்டும்.

6. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 1 செ.மீ. இறங்கும்படி வைத்தோம். ரொம்ப இறுக்கினால் புது பேரிங்கும் போய்விடும்.

7. தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டோம். காற்றுக் குமிழி வந்து மட்டம் இறங்க இறங்க மேலும் ஊற்றி, கடைசியில் மூடினோம். ஒழுகல் இல்லை!

யார் செய்த தப்பு?

இப்போது ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். பழைய பம்பைக் கழற்றியபோது உள்ளே சக்கரம் அரித்துப்போய், வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. "இதுக்குள்ள யாரு உப்புத் தண்ணி ஊத்துனது?" என்று மாமா கேட்டார். அப்பா இல்லை என்றார். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது.

கோடை லீவில் அப்பாவோடு வண்டியில் போனேன். பாலம் ஏறுவதற்கு முன்னால், ரேடியேட்டருக்குத் தண்ணி ஊற்று என்றார். கேன் காலி. நான் மீன் பெட்டியிலிருந்து உருகி வடிந்த ஐஸ் தண்ணியைப் பிடித்து ஊற்றிவிட்டேன். தண்ணிதானே என்று நினைத்தேன். மீன் பட்ட தண்ணீரில் கடல் உப்பு இருக்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதில் கொஞ்சம் கலந்தாலும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அந்தத் துருத்தூள் சீலைத் தேய்க்கும். நம்ம பக்கத்து உவர் கிணற்றுத் தண்ணியும் அப்படித்தான்.

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். மாமா, "பம்பும் பழசுதான், உன்னால மட்டும் போகல" என்றார். அப்பா திட்டவில்லை. "காலிக் கேனோட கிளம்புனது என் தப்பு. இனிமே கேன்ல நல்ல தண்ணி ரொப்புறது உன் பொறுப்பு" என்றார்.

மறுநாள் அப்பாவோடு நானும் போனேன். 1988இல் திறக்கப்பட்ட நம் பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். இரண்டு பக்கமும் கடல். இவ்வளவு தண்ணீரில் ஒரு சொட்டுகூட வண்டிக்கு ஆகாது! மீட்டரைப் பார்த்தேன். முள் நடுவிலேயே நின்றது. என் காலடியில் நல்ல தண்ணீர்க் கேன் நிறைந்திருந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டிக்கு அடியிலும் நாளைக் காலையில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு