உங்களுக்குத் தெரியுமா? கேட்கும் முன்பே வந்த தீர்ப்பு

★ கடைக்கு வர நான்கு மாதம் இருக்கும்போதே ஒரு ராக் ஆல்பம் 'தேறாது' என்று பேர் வாங்கியது. நிர்வாணா குழுவின் 'இன் யூட்டெரோ'தான் அது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே முதலிடத்திலிருந்து இறக்கிய 'நெவர்மைண்ட்'டுக்கு அடுத்த ஸ்டூடியோ ஆல்பம். எதிர்பார்ப்பைக் கேட்கவா வேண்டும்?

★ 1993 பிப்ரவரியில், மினசோட்டா மாநிலத்தில் ஊருக்கு ஒதுக்குப்புறமான பேச்சிடெர்ம் ஸ்டூடியோவில் இரண்டே வாரத்தில் ஒலிப்பதிவு முடிந்தது. முன்பதிவு 'சைமன் ரிச்சி குரூப்' என்ற பெயரில். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷியஸுடைய நிஜப் பெயர் அது!

★ ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் அல்பினி வாங்கிய சம்பளம் 1 லட்சம் டாலர். ராயல்டி? தொடமாட்டேன் என்றுவிட்டார். குழாய் ரிப்பேர் செய்பவருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்று குழுவுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளைத் தாண்டிய ஆல்பம் இது. கணக்குப் போட்டால் நமக்குத்தான் வயிறு எரிகிறது.

★ காதைக் கிழிக்கும் கிட்டாரும் உள்ளே அமுங்கிய குரலுமாக இருந்த பதிவு ஆல்பத்தை வெளியிடும் கெஃபன் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை என்ற செய்தி கசிந்தது. மே மாதம் 'நியூஸ்வீக்' அதை எழுத, எங்களை யாரும் நெருக்கவில்லை என்று 'பில்போர்டு' இதழில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தது குழு. ஆனாலும் 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்', 'ஆல் அப்பாலஜீஸ்' இரண்டும் ஆர்.ஈ.எம். குழுவின் தயாரிப்பாளர் ஸ்காட் லிட்டிடம் மறு மிக்ஸிங்குக்குப் போயின. நெருப்பில்லாமல் புகையுமா?

★ செப்டம்பரில் ஆல்பம் வந்ததும் விமர்சகர்கள் கைதட்டினார்கள். 'ரோலிங் ஸ்டோன்' இதழில் டேவிட் ஃப்ரிக் கொடுத்தது ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். 'வில்லேஜ் வாய்ஸ்' நடத்திய அந்த ஆண்டின் விமர்சகர் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். முதலிடம் லிஸ் ஃபேரின் 'எக்ஸைல் இன் கைவில்'லுக்கு.

★ முதல் வார விற்பனை 1,80,000. நேராக முதலிடம். அடுத்த மாதமே பேர்ல் ஜாம் குழுவின் 'வெர்சஸ்' ஐந்து நாளில் 9.5 லட்சம் விற்றது வேறு கதை. கூட்டம் அந்தப் பக்கம்தான். ஆனால் துணிச்சல் எந்தப் பக்கம் என்று கேட்டால் என் ஓட்டு நிர்வாணாவுக்கே.

★ வால்மார்ட், கேமார்ட் கடைகள் பின்னட்டைப் படத்தையும் ஒரு பாட்டின் தலைப்பையும் காட்டி விற்க மறுத்தன. 1994இல் அந்தக் கடைகளுக்கென்று தனி அட்டை அச்சானது. 'ரேப் மீ' அட்டையில் 'வெய்ஃப் மீ' ஆனது. சிற்றூர்ப் பையன்களுக்கு வேறு கடை கிடையாதே என்று குழு இறங்கிவந்தது.

★ ஸ்காட் லிட்டிடம் போன அந்த இரண்டு பாடல்களும் அல்பினியின் அசல் மிக்ஸிங்கிலேயே 20ஆம் ஆண்டுப் பதிப்பில், 2013இல் வெளிவந்தன. 'ஹார்ட் ஷேப்டு பாக்ஸ்' கிட்டார் தனியாவர்த்தனம் கொஞ்சம் கரகரக்கிறது, குரல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இதற்கா அத்தனை பஞ்சாயத்து!