பொன்னேரி லோக்கல் ஏன் நடுவழியில் நிக்குது?

சென்ட்ரலில் ஏறி பொன்னேரி போறீங்க. அத்திப்பட்டு தாண்டினதும் ரயில் சும்மா நிக்குது. ஏன்?

அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரை போக ஒரு பாதை, வர ஒரு பாதை, அவ்வளவுதான். ஹவுரா, டெல்லி எக்ஸ்பிரஸ், லோக்கல், சரக்கு ரயில் எல்லாமே அதில்தான் ஓடணும். முன்னுரிமை எக்ஸ்பிரஸுக்கு. மெதுவான சரக்கு ரயிலை ஸ்டேஷன் பக்கவாட்டில் உள்ள லூப் லைனில் ஒதுக்கிவிட்டு, எக்ஸ்பிரஸை மெயின் லைனில் அனுப்புவார்கள். லோக்கலும் வழிவிட்டுக் காத்திருக்கும்.

இது தவறினால்? 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில், மெயின் லைனில் போக சிக்னல் பெற்ற பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கு நின்ற சரக்கு ரயிலில் மோதியது. பலர் காயமடைந்தனர்; நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

கூடுதல் பாதை வந்தால் உங்க காத்திருப்பு குறையும். ஒரு ரயிலை ஒதுக்கி இன்னொன்றை விடும் தேவையும் குறையும்.