கை கால் விழுந்தால் எண்ணெயைத் தேடாதீர், வண்டியைத் தேடுங்கள்!



தோட்டத்திலே ஒருவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணி, கையும் காலும் விழுந்துவிட்டால் நம்மிடையே வழக்கமாக என்ன நடக்கிறது? "காத்து பட்டிருச்சு" என்பார் ஒருவர். "வாய்வுதான், எண்ணெயைக் காய்ச்சித் தேய்ச்சு உருவிவிட்டா சரியாப் போயிடும்" என்பார் இன்னொருவர். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தத்தை வெளியேற்றச் சொல்வார் மூன்றாமவர். போமோவைக் கூட்டிவர ஒரு பிள்ளை ஓடும். இதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "ராத்திரியில மலை இறங்குறதா? காலையில பார்த்துக்கலாம்" என்று முடிவாகும்.

விடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு வந்தது?" என்பதுதான். அந்த மனிதர் மறுபடியும் மலையேறிக் கொழுந்தெடுப்பாரா, பாயோடு பாயாகக் கிடப்பாரா என்பது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில் இருக்கிறது.

காற்றல்ல, அடைப்பு!

இந்த நோயை நாம் பக்கவாதம் என்கிறோம். மலாய்க்காரர்கள் 'ஆங்கின் அஹ்மார்' என்கிறார்கள். சிவப்புக் காற்று என்று பொருள். டாக்டர்கள் 'ஸ்ட்ரோக்' என்கிறார்கள். பெயரில் காற்று இருந்தாலும் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விழுந்தது கைதான், ஆனால் நோய் கையில் இல்லை, தலைக்குள்ளே இருக்கிறது.

பெர்த்தாம் பள்ளத்தாக்கில் காய்கறிப் பாத்திகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களை நாம் தினமும் பார்க்கிறோம். குழாயில் குப்பை அடைத்துக்கொண்டால் அந்தப் பாத்தி மட்டும் வாடிவிடும். குழாய் வெடித்துவிட்டால் தண்ணீர் பீய்ச்சி பாத்தியே பாழாகிவிடும். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களிலும் இவ்விரண்டுதான் நடக்கிறது. இரத்தக் கட்டி வந்து அடைப்பது ஒரு வகை, இதுதான் அதிகம். குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றொரு வகை.

பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று அமெரிக்க டாக்டர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டுச் சொன்னார். நாம் எண்ணெய் காய்ச்சும் பத்து நிமிடத்தில் எத்தனை போகும் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்!

நாலரை மணிக் கணக்கு

முன்பெல்லாம் இந்த நோய்க்கு மருந்தே இல்லை என்றிருந்தது. 1995-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் ஊசி வழியே ஏற்றினால் அதிகமானவர்கள் ஊனமில்லாமல் தேறுகிறார்கள் என்று அது காட்டியது. 2008-ல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு அந்தக் கெடுவை நாலரை மணி நேரம் வரைக்கும் நீட்டித்தது. 2015-ல் நெதர்லாந்து முதலான நாடுகளின் ஆய்வுகள் வேறொரு வழியை உறுதி செய்தன. தொடைப் பக்கத்து இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, மூளையில் அடைத்த பெரிய கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிடும் சிகிச்சை அது.

நாலரை மணி என்றால் நிறைய இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணெய் தேய்த்து உருவ ஒரு மணி. தண்டலிடமும் கிராணியிடமும் சொல்லி வண்டி பிடிக்க இன்னொரு மணி. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி ஈப்போ போனாலும் மலைப் பாதைதான். மழை பெய்து மண் சரிந்தால் சொல்லவே வேண்டாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததும் ஊசி போட்டுவிட மாட்டார்கள். அடைப்பா, கசிவா என்று 'சிடி ஸ்கேன்' படம் எடுத்துப் பார்த்தாக வேண்டும். கசிவுக்குப் போய்க் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் ஆளே போய்விடுவார். ஆக, நாலரை மணி என்பது ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் நேரமல்ல. ஊசி ஏறும் நேரம்!

பட்டணத்துக்காரனுக்கு ஒரு மணி வீணானால் இன்னும் மூன்றரை மணி கையில் இருக்கும். மலைக்காரனுக்கு அந்த ஒரு மணிதான் எல்லாமே.

கணினி என்ன செய்கிறது?

நேரம் கடந்தவர்களுக்கும் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 'ரேப்பிட்' என்றொரு கணினி முறையை உருவாக்கினார்கள். மூளைப் படத்தைப் பார்த்து, எந்தப் பகுதி செத்துவிட்டது, எந்தப் பகுதி இன்னும் உயிரோடு தவிக்கிறது என்று சில நிமிடங்களில் நிறம் பிரித்துக் காட்டிவிடும். இதைக் கொண்டு ஆளைத் தேர்ந்தெடுத்து நடத்திய இரண்டு ஆய்வுகள் 2018-ல் வெளிவந்தன. காப்பாற்றத்தக்க பகுதி மிச்சமிருந்தால், ஒன்றில் 16 மணி நேரம் வரைக்கும், மற்றொன்றில் 24 மணி நேரம் வரைக்கும் கட்டியை இழுத்து எடுப்பதில் பலன் இருந்தது. எல்லாருக்கும் அல்ல, சிலருக்குத்தான். ஆனாலும் "நேரம் போயிருச்சு, இனிப் போய் என்ன புண்ணியம்?" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது தவறு என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

2022-ல் கனடாவிலிருந்து இன்னொரு நல்ல செய்தி வந்தது. பழைய மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். 'டெனெக்டிபிளேஸ்' என்னும் மருந்தை ஒரே ஊசியாகச் சில வினாடிகளில் போட்டுவிடலாம். பலனில் பழையதற்குக் குறைந்ததில்லை என்று நிரூபித்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு இது பெரிய வசதி.

நம்மைப் போன்ற மலை மக்கள்

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சங்கதி, நமக்கு எங்கே?" என்று கேட்கலாம். வட இந்தியாவில் இமாச்சலப் பிரதேசம் முழுக்க மலைதான். மூளை நரம்பு நிபுணர்களும் ஒரு சில ஊர்களில்தான் இருந்தார்கள். 2014-ல் அந்த அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் படமெடுத்து, சாதாரணக் கைத்தொலைபேசி வழியாக நிபுணருக்கு அனுப்புவார்கள். நிபுணர் படத்தைப் பார்த்துச் சொல்ல, அங்கிருக்கும் பொது டாக்டரே ஊசியைப் போட்டுவிடுவார். விலை கூடிய அந்த மருந்தை அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது.

தேயிலை விளையும் அஸ்ஸாமில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 'சிடி' இயந்திரத்தையே வண்டிக்குள் பொருத்தி, தேஜ்பூர் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பியது. நோயாளியின் வாசலிலேயே படம், அங்கேயே ஊசி. சிகிச்சை தொடங்க ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது, சுமார் 2 மணி நேரமாகக் குறைந்தது என்றும், சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும் அந்த மன்றம் 2025-ல் அறிவித்தது. நம்மைப் போலக் கொழுந்து கிள்ளும் ஜனங்கள் வாழும் பூமியில் இது முடிந்தது என்றால், மலை நாட்டு மக்களுக்கு இப்படியொரு ஏற்பாடு வேண்டும் என்று நாமும் கேட்கலாம். சங்கத்தின் வழியாகவும், மக்கள் பிரதிநிதிகள் வழியாகவும் கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்று. எத்தனை பெரிய கணினியும் லயத்துக்குள் வந்து எட்டிப் பார்க்காது. நோய் இன்னதென்று கண்டு முதல் குரல் கொடுக்க வேண்டியவர் பக்கத்தில் இருக்கும் மனைவி, மகன், அடுத்த வீட்டு அக்காதான்.

முகம், கை, பேச்சு, நேரம்

எப்படிக் கண்டுபிடிப்பது? சிரிக்கச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள்: ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்: பேச்சு குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே மணியைப் பாருங்கள். திடீரென்று பார்வை மங்குவதும், நிலை தடுமாறி விழுவதும்கூட இதன் அறிகுறிகளே.

999-ஐ அழைத்து "ஸ்ட்ரோக்" என்ற சொல்லையே சொல்லுங்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காப்பியோ தண்ணீரோ மாத்திரையோ வாயில் ஊற்றாதீர்கள்; விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுதல் செய்யும். கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால் எழுந்த நேரம் கணக்கல்ல. நல்லபடியாகப் படுத்த நேரமே கணக்கு. ஐ.சி.யும், சாப்பிடும் மாத்திரைகளும் கூடவே போக வேண்டும்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் சும்மா இருக்காதீர்கள். "வந்துச்சு, போயிருச்சு" என்பது பெரிய அடிக்கு முன்னால் வரும் எச்சரிக்கை. அடுத்த சில நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை.

வருமுன் காப்பது

இந்த நோய்க்கு முதல் காரணம் இரத்த அழுத்தம். 2023-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு 'பிரஷர்' இருக்கிறது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் நடத்தி 2002-ல் வெளியான ஆய்வொன்றில், முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் இது இருந்தது. சாப்பாட்டிலும் தேநீரிலும் சேர்க்கும் அதிக உப்பு, உள்ளூர்ச் சாராயம், புகையிலை ஆகியவை காரணங்களாகக் காணப்பட்டன. நம் சட்டியை நாமே எட்டிப் பார்ப்போம். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பொட்டலத்து மீ, மாலையானால் சாம்சு, வாயில் சுருட்டோ புகையிலையோ. அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பிரஷர் வலிக்காது. அதனால்தான் "எனக்கு ஒண்ணும் இல்லே" என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மேல் எண் 140, கீழ் எண் 90 என்பதை எட்டினாலோ தாண்டினாலோ டாக்டரைப் பாருங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

விழுந்தவர் எழலாம்

ஏற்கெனவே கை கால் விழுந்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களை மூலையில் விட்டுவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் தமிழர் டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், 1999-ல் தம் சகாக்களோடு ஒரு முறையை வெளியிட்டார். இரு கைகளுக்கும் நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைக்கச் சொல்வது. கண்ணாடியில் பார்த்தால் விழுந்த கை அசைவது போலத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை மறுபடி பழகுகிறது. 2018-ல் 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் இதில் பலன் உண்டு என்றே தெரிந்தது. பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு வீட்டிலும் செய்யலாம். விலை கூடிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

பெர்கேசோ சந்தா பிடிக்கப்படும் தொழிலாளர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை நேரத்தில் வந்தால்தான் உதவி என்றில்லை. அறுபது வயதுக்குள் நோயால் வேலை செய்ய முடியாமல் போனால், சந்தா நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். மலாக்காவில் 2014-ல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு நிலையத்தில் சந்தாதாரர்களுக்குப் பயிற்சியும் கிடைக்கிறது. மனுப் போடாதவனுக்கு எதுவும் வீடு தேடி வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று காரியம் செய்யுங்கள். நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவரும் பிரஷர் பார்க்க ஒரு நாள் குறியுங்கள். இரவிலே யார் வண்டி எடுப்பது என்று லயத்தில் பேசி முடிவு செய்யுங்கள். நமக்கு அருகில் மூளைப் படம் எடுத்து ஊசி போடும் ஆஸ்பத்திரி எது என்று கிளினிக்கில் கேட்டு, அதையும் 999-ஐயும் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். கூட வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பிக்கும் நேப்பாளத்துத் தம்பிக்கும் அதைக் காட்டுங்கள். ஓர் இரவில் உங்களுக்காக அந்த எண்ணை அழுத்தப்போவது அவர்களாகவும் இருக்கலாம்.