கிளவுஸ் ஏன் நாறுகிறது? குத்துச்சண்டைக் கையுறை பற்றி ஒரு குறிப்பு

என் மகள் புதுச்சேரியில் குத்துச்சண்டை கற்றுக்கொள்ளப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கிளியனூரிலிருந்து வாரத்துக்கு நாலு நாள் பஸ். போன ஐப்பசி மழையில் அவளுடைய பையைத் திறந்தால் வீட்டு நாயே எழுந்து வாசலுக்குப் போகிற நிலைமை. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். அடுத்த மாதம் அவள் மணிக்கட்டில் வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து, ஒரு படை வந்தது. படர்தாமரை.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். டாக்டரிடம் போகாமல் மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவச் சொன்னேன். ரெண்டே நாளில் அரிப்பு நின்றது. ரெண்டே வாரத்தில் படை முழங்கை வரை ஏறியது. பிறகு பார்த்த தோல் டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கு சார்" என்றார். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். கூடவே, பூஞ்சையோடு சண்டை போடுகிற உடம்பின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எட்டு வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் அடங்கியது. இந்தியாவில் படர்தாமரை இப்போது பழைய மாதிரி சாதுவான நோய் இல்லை. வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை இனத்துக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்த பெயரே 'டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே'. பெயரிலேயே நம்ம நாடு இருக்கிறது, பெருமைப்பட ஒண்ணுமில்லை.

டாக்டர் கடைசியாகக் கேட்ட கேள்விதான் இந்தக் குறிப்புக்குக் காரணம்: "கிளவுஸை எப்படிக் காய வைக்கறீங்க?" காய வைப்பதா? பையில்தானே இருக்கும்! கிளவுஸிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. துண்டிலிருந்தும் வரலாம், அந்த வகுப்பில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போடும் பொதுக் கிளவுஸிலிருந்தும் வரலாம். ஆனால் இந்தப் பூஞ்சை, உதிர்ந்த தோல் துணுக்கில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் கேள்வி நியாயமானது.

நாற்றத்துக்கு வருவோம். புது வியர்வைக்கு வாசனை அநேகமாகக் கிடையாது. தோலில் நம்மோடேயே வாழும் பாக்டீரியா, வியர்வையிலும் செத்த தோலிலும் இருக்கும் லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலெரிக் அமிலம் ஆக்குகிறது. சாக்ஸ் நாற்றமும் பழைய பாலாடைக்கட்டியின் நெடியும் இதே சரக்குதான். பாக்டீரியாவுக்கு வேண்டியது மூன்று: தீனி, சூடு, ஈரம். தீனியை முழுசாக எடுக்க முடியாது. சூட்டை, நம்ம ஊரில், பேசவே வேண்டாம். நம் கையில் இருப்பது ஈரம் மட்டும்தான். ஆகவே இது கழுவுகிற பிரச்சினை என்பதைவிட, காய வைக்கிற பிரச்சினை.

கிளவுஸின் அமைப்பே காய்வதற்கு எதிரி. ஒரு பக்கம் மட்டும் வாய் உள்ள பை. உள்ளே துணி, அதற்கு மேல் அடுக்கடுக்காக ஃபோம், வெளியே தோல் அல்லது ரெக்சின். உள்ளே இருக்கும் காற்று சீக்கிரம் ஈரத்தில் நிறைந்துவிடும். அந்தக் காற்று வெளியே போய் வேறு காற்று வராதவரை ஆவியாதல் நடக்காது. அதிலும் நாம் இருப்பது திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். கிழக்கே மரக்காணம் உப்பளம், அதற்கு அப்பால் கடல். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட வேட்டியே ரெண்டு நாள் காயாது. வறண்ட ஊர்க்காரர்கள் வீடியோவில் 'பையைத் திறந்து வைத்தால் போதும்' என்கிறார்கள். இங்கே போதாது.

எனக்கு அளக்காமல் தூக்கம் வராது. சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்து, வகுப்புக்கு முன்னும் பின்னும் ஜோடியை எடை போட்டேன். ஒரு மணி நேரப் பயிற்சியில் முப்பது கிராம் போலக் கூடியது. பைக்குள்ளேயே விட்டால் மறுநாள் காலையில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. டேபிள் ஃபேன் முன்னால், வாய் காற்றைப் பார்க்கும்படி கட்டித் தொங்கவிட்டால், காலையில் அநேகமாகப் பழைய எடை. "அப்பா, இதுக்குமா எக்செல் ஷீட்?" என்றாள் மகள். ஆமாம். ஒரே ஒரு ஜோடி, சில நாட்கள் மட்டும், ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு.

ஃபேனில் போடுவதற்கு முன் செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனிவரை திணித்து, அரை மணியில் எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் நனைந்த தாளே ஈரத்துணி ஆகிவிடும், வாயையும் அடைத்துக்கொள்ளும். ஏசி அறை இன்னும் நல்லது, ஏசி காற்றின் ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது. என் மனைவி இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

வெயில்? அடிக்கிற வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். நிழலில் காற்றோட்டம்தான் சரி. ரெக்சின் கிளவுஸில் கதை வேறு: பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல உடையும். நம்ம பக்கம் அலமாரியில் சும்மா கிடந்த ஹேண்ட்பேக்கே தோல் உரிந்து உதிர்வது இதனால்தான். ஆகவே ரெக்சினுக்கும் காய வைப்பதே வைத்தியம்.

வாஷிங் மெஷினில் போடவே போடாதீர்கள். ஃபோம் குடித்த தண்ணீர் நாள் கணக்கில் வெளியே வராது. சோப்பின் காரம், குரோமியத்தில் பதப்படுத்திய தோலுக்கு ஆகாது. பிளீச் தையல் நூலையும் அரிக்கும். ஃபிரீசரில் வைத்தால் கிருமி சாகாது, தூங்கும், வெளியே எடுத்ததும் விழித்துக்கொள்ளும். சாம்பிராணி போட்டால் சாம்பிராணி வாசனையில் நாறும். சமையல் சோடா மட்டும் கொஞ்சம் உதவும். அது அந்த அமிலத்தை உப்பாக மாற்றுவதால் நெடி மூக்குக்கு எழும்பாது. பழைய சாக்ஸில் போட்டுக் கட்டி உள்ளே வைக்கலாம், நேரே கொட்டினால் தோலில் படும். தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள், மழைக்காலத்தில் அது பூஞ்சணத்துக்குத் தீனி.

கைக்கட்டுத் துணிதான் இதில் பெரிய வேலையாள். ஹேண்ட் ராப் வியர்வையைத் தான் குடித்துக்கொண்டு கிளவுஸைக் காப்பாற்றுகிறது. அதைத் தாராளமாக வெந்நீரில் துவைக்கலாம். ரெண்டு ஜோடி வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் துவைத்தது.

ஒரு சின்ன விலகல். இங்கிலாந்தில் ஹேட்ரியன் சுவர் அருகே விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் 2017-இல் குத்துச்சண்டைத் தோல் பட்டைகள் கிடைத்தன. சுமார் கி.பி. 120. ஒன்றில் போட்டவனின் விரல் முட்டிப் பதிவு இன்னும் இருக்கிறதாம். ஈர மண்ணில் பத்தொன்பது நூற்றாண்டு! ஆக்சிஜன் இல்லாத சேறு, அதனால் அழுக வைக்கும் உயிர்கள் வேலை செய்யவில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்து இருந்தால்தான் ஆபத்து. ஜிப் போட்ட பையில் ரெண்டும் உண்டு.

குயின்ஸ்பெரி விதிகள் 1867-இலேயே கையுறை நல்ல தரமாக, புதியதாக இருக்க வேண்டும் என்றன. அது போட்டிக்கு. வகுப்பில் புதுசு யாருக்குக் கிடைக்கிறது? மாஸ்டரிடம் தயங்கித் தயங்கித்தான் பேசினேன். கோபித்துக்கொள்ளவில்லை. இப்போது பொதுக் கிளவுஸ் எல்லாம் மூட்டைக்குள் போவதில்லை. சுவரோரம் கயிற்றில், வாய் கீழே பார்க்கத் தொங்குகின்றன, கீழே ஒரு பெடஸ்டல் ஃபேன். படை இருக்கிற பிள்ளை, டாக்டர் சரி என்கிறவரை பொதுக் கிளவுஸைத் தொடக்கூடாது. பழைய நாற்றம் முழுசாகப் போகவில்லை, ஃபோமில் ஊறியது போகாது. அந்த ரெண்டு ஜோடியை மாஸ்டர் மணல் மூட்டைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்.