ஒடிந்த எலும்பும் ஓடி வரும் வெள்ளணுக்களும்

கார் நிக்கோபார் தீவில் தென்னை ஏறிப் பிழைக்கிறவர்கள் அதிகம். மரத்திலிருந்து விழுந்தோ, மழை ஈரத்தில் பைக் சறுக்கியோ கை கால் ஒடிந்தால் அந்த இடம் வீங்கும், கொதிக்கும். உடனே யாராவது ஒருவர், "கெட்ட ரத்தம் கட்டியிருக்கு, எண்ணெய் போட்டு உருவி விடணும்" என்பார். வினை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ரத்தக்கட்டில்தான் எலும்பு கூடும் வேலை ஆரம்பமாகிறது. முறிந்த சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கே குவிந்து, கிருமிகளைத் தாக்கி, ஓரிரு நாளில் மடிகின்றன. பின்னாலேயே மேக்ரோஃபேஜ்கள் வரும். செத்த திசுவை விழுங்கித் துப்புரவு செய்யும் இவை, சில நாளில் குணம் மாறி, புது ரத்தக்குழாய் முளைக்கவும் எலும்பு செல்கள் வளரவும் தூண்டுகின்றன. எலிகளில் மேக்ரோஃபேஜ்களை நீக்கிப் பார்த்த ஆய்வுகளில் எலும்பு ஒழுங்காகக் கூடவில்லை. 2, 3 வாரத்தில் முறிவைச் சுற்றிக் குருத்தெலும்புப் பாலம் எழும். பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டிப்படும். டி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்கும் இதில் பங்குண்டு. அவற்றில் ஒரு வகை மிகுந்திருந்தவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமானதை, பெர்லின் சாரிட்டே மருத்துவமனைக் குழு 2013இல் கண்டறிந்தது.

ஆக, முதல் சில நாள் வீக்கம் தேவை. அது தணியாமல் நீடித்தாலோ, எழும்பவே விடாமல் அடக்கினாலோதான் கேடு. கட்டுக்குள் வராத சர்க்கரை, பீடி சிகரெட், நீண்ட நாள் ஸ்டீராய்டு மூன்றும் இந்த வேலையைக் குலைக்கும். மூட்டுவலிக்கென்று விற்கும் பெயரில்லாப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. டாக்டர் சொன்ன சில நாளுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்; வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதில்லை. கடையில் நாமே கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவதுதான் கூடாது.

சிம்பு வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டாகட்டும், மாவுக்கட்டாகட்டும், விரல்களைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு, மூன்று விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால், விரல் சில்லிட்டு மரத்துப்போனால், விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி எடுத்தால், கட்டு ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. காலை வரை காத்திருக்காதீர்கள். சில மணி நேரத் தாமதம் கையையே பறித்துவிடும். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், சுத்தமான துணியால் மூடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆன்டிபயாடிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவ்வளவு நல்லது.

தீவில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை இருக்கிறது. பெரிய அறுவை என்றால் போர்ட் பிளேயர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுவில் சுமார் 270 கிலோமீட்டர் கடல். கப்பலோ ஹெலிகாப்டரோ, ஏறுமுன் உடைந்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி கட்டச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்தையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்தும் முறிந்த இடம் அசைந்து வலித்தால், பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கூடுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரியும். நின்றுவிட்டாலும் வழியுண்டு: பிளேட் வைத்து, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டுவார்கள்.

சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. விபத்தில் வந்தவருக்குப் போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் முதலில் சிகிச்சை தர வேண்டும் என 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்த தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் திருப்பியனுப்பிய மேற்கு வங்க வழக்கில், 1996இல் அதே நீதிமன்றம், இது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகக் கூறி 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கியது.

காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது. அங்கே நடந்த அலட்சியத்துக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேயர் அமர்வு உண்டு. கூலிவேலையில் விழுந்தவர் சட்டப்படி முதலாளியிடம் இழப்பீடு கோரலாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.