பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள்!

(சிறிய கூடார வண்டிகளுக்கு லித்தியம் பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று ஆஸ்திரேலியாவில் குடியிருக்கிறார்கள். கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஐந்தரை மணி நேரத்தில் பெர்த். பள்ளி விடுமுறை வந்தால் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, காருக்குப் பின்னால் ஒரு சின்னக் கூடார வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே இதை கேம்ப்பர் டிரெய்லர் என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் அந்தச் சின்ன வண்டிக்குள்ளேயே இருக்கும். இவற்றில் பலவற்றுக்கு உயிர் கொடுப்பது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2023 ஏப்ரலில் நாங்களும் அப்படிக் கிளம்பினோம். மகள், மருமகன், என் மனைவி, நான். பெர்த்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர் தொலைவில் எக்ஸ்மவுத் என்ற சிற்றூர் இருக்கிறது. அதைத் தாண்டினால் கேப் ரேஞ்ச் தேசியப் பூங்கா. கடலோரத்தில் அருமையான இடம். ஆனால் முகாமிடும் இடங்களில் மின் இணைப்பு கிடையாது. வண்டியில் இருந்தது 100 ஆம்பியர் மணி கொண்ட பழைய ஈய பேட்டரி. நாள் முழுக்கக் கார் ஓடியிருந்ததால் அது நிறைந்திருக்கும் என்று நம்பினோம்.

மறுநாள் காலையில் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வெதுவெதுப்பு. பாலும் இறைச்சியும் போனால் போகட்டும். என் மனைவியின் இன்சுலினும் அதற்குள்தான் இருந்தது! திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். பதறிப்போய் எக்ஸ்மவுத்துக்கு ஓடி, ஐஸ் வாங்கி வந்து சமாளித்தோம். அன்று மாலையே மருமகன் சொல்லிவிட்டார்: “மாமா, ஊருக்குப் போனதும் முதல் வேலை லித்தியம் பேட்டரி வாங்குவதுதான்.”

நல்ல முடிவுதான். ஆனால் அதுதானா முதல் வேலை?

எந்த லித்தியம்?

லித்தியம் பேட்டரி என்றதும் பலருக்குத் தீ நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர்களால் அடிக்கடி தீ விபத்து ஏற்பட்டதும், 2020 ஜூலையிலிருந்து யுஎல் 2272 என்ற பாதுகாப்புத் தரம் இல்லாத ஸ்கூட்டர்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அரசு சொன்னதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் லித்தியம் என்பது ஒரே பொருள் அல்ல. அதில் பல வகைகள் உண்டு. கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் பெரும்பாலும் கோபால்ட் அல்லது நிக்கல் கலந்த வகை இருக்கிறது. கூடார வண்டிக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் பிரிந்து தீக்கு உணவாவதில்லை. ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆபத்து குறைவு என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்தப் பொருளை 1997-இல் உலகுக்கு அறிவித்தது, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்டினஃப் நடத்திய ஆய்வுக் குழு. அதற்கு முன்பே, 1980-களில், இதையொத்த இரும்புச் சேர்மங்களில் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டில் பிறந்து, மதுரையில் படித்தவர். 2019-இல் குட்டினஃப் தமது 97-ஆம் வயதில் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் இதே மந்திரம்தான். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி இது.

முதலில் கணக்கு

ஒரு ஆம்பியர் மின்சாரத்தை ஒரு மணி நேரம் எடுத்தால், அது 1 ஆம்பியர் மணி. எங்கள் வண்டியில் ஒரு நாள் செலவை எழுதிப் பார்த்தோம். வெயில் காலத்தில் குளிர்பதனப் பெட்டிக்கு ஏறக்குறைய 45. விளக்குகளுக்கு 5. இரவு முழுக்க ஓடும் சிறு விசிறிக்கு 8. கைப்பேசிகளுக்கு 5. தண்ணீர் பம்புக்கு 2. மொத்தம் 65 ஆம்பியர் மணி.

ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆகவே 100 என்று எழுதியிருந்தாலும் நமக்குக் கிடைப்பது 50-தான். ஒரு நாளுக்கே போதவில்லை! லித்தியத்தில் 80 வரை தாராளமாக எடுக்கலாம். ஈயம் சில நூறு முறை நிரப்பி வடித்தால் தளர்ந்துவிடும். நல்ல லித்தியம் இரண்டாயிரம் முறைக்கு மேலும் தாங்கும். எடையோ ஏறக்குறைய 30 கிலோவிலிருந்து 12 கிலோவாகக் குறைகிறது.

அப்படியானால் 100 ஆம்பியர் மணி லித்தியம் ஒரு நாளுக்குப் போதும். வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தங்குவதானால் 130 தேவை. அதற்கு 200 வாங்க வேண்டும். உங்கள் செலவை எழுதாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதுதான் உங்கள் தேவை ஆகிவிடும்.

பிறகு, நிரப்பும் வழி

எங்கள் பழைய பேட்டரி ஏன் ஏமாற்றியது? பெர்த் திரும்பியதும் மின்பணியாளர் ஒருவர் அளந்து பார்த்துச் சொன்னார். பேட்டரி கெட்டுப்போகவில்லை, அது ஒருநாளும் முழுமையாக நிரம்பவே இல்லை! காரின் முன்பக்கத்திலிருந்து பின்னால் உள்ள வண்டிவரை நீண்ட, மெல்லிய கம்பி வழியாக வரும்போது மின்னழுத்தம் குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, இன்றைய புதிய கார்கள் பல எரிபொருளை மிச்சப்படுத்த, தம் பேட்டரி நிறைந்ததும் மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கார் நாள் முழுக்க ஓடியும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

அன்பர்களே, இந்த நிலையில் லித்தியம் பேட்டரியை மட்டும் வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் நிரம்பியிருக்காது. லித்தியம் நிரம்ப 14.2 முதல் 14.6 வோல்ட் வரை தேவை. இதைத் தருவது டிசி-டிசி சார்ஜர் என்ற சிறு கருவி. காரிலிருந்து தளர்ந்து வரும் மின்சாரத்தை உயர்த்திச் சரியான அளவில் கொடுக்கும். 25 ஆம்பியர் கருவி என்றால், மூன்று மணி நேரப் பயணத்தில் 75 ஆம்பியர் மணி ஏறிவிடும். அதற்குத் தகுந்த தடித்த கம்பியும் வேண்டும்.

முகாமில் நிற்கும்போது சூரிய ஒளிதான் துணை. 200 வாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 ஆம்பியர் மணி தரும். ஆனால் நாம் வண்டியை எங்கே நிறுத்துவோம்? மர நிழலில்தானே! கூரைமேல் உள்ள தகடும் நிழலில் மாட்டிக்கொள்ளும். மடக்கி எடுத்துச் செல்லும் தகடாக இருந்தால், நாம் நிழலில் இருக்கலாம், தகட்டை வெயிலில் விரிக்கலாம்.

வீட்டில் இருக்கும் பழைய சார்ஜரையும் கவனியுங்கள். ஈய பேட்டரிக்கான சிலவற்றில், படிவை நீக்குவதற்காக 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் முறை இருக்கும். அது லித்தியத்துக்கு ஆகாது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

ஒவ்வொரு லித்தியம் பேட்டரிக்குள்ளும் பிஎம்எஸ் எனப்படும் காவல் சுற்று இருக்கிறது. அளவுக்கு மேல் ஏற்றினாலும், வடித்தாலும், சூடேறினாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். 100 ஆம்பியர் என்றால், ஏறக்குறைய 1,200 வாட் வரைதான். 2,000 வாட் மின்கெண்டியை ஓட்ட நினைத்தால் நடக்காது.

குளிரில் காக்குமா என்றும் கேளுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியத்துக்கு மின்னேற்றினால் உள்ளே நிரந்தரச் சேதம் ஏற்படும். ஆஸ்திரேலியாவில் ஏது உறைநிலை என்று நினைக்காதீர்கள். நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூன், ஜூலை இரவுகள் சுழியத்துக்குக் கீழே போவதுண்டு.

கையில் தூக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் நான்கு செல்களில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 கிலோ. 100 ஆம்பியர் மணி என்று எழுதி, மொத்தமே 6 கிலோ இருந்தால், எழுத்து ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று.

இங்கே மலிவாக வாங்கி விமானத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று யாரும் எண்ண வேண்டாம். பயணிகள் கொண்டுசெல்லும் உதிரி பேட்டரிக்கு, விமான நிறுவனம் அனுமதித்தாலும் 160 வாட் மணிதான் எல்லை. இதுவோ 1,280 வாட் மணி!

உறங்கும் இடத்தில் வேண்டாம்

ஆஸ்திரேலியாவில் 2022-இல் வெளியான ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற மின்தர விதி, லித்தியம் பேட்டரியிலிருந்து வெளிவரும் வாயு மனிதர்கள் தங்கும் பகுதிக்குள் நுழையக் கூடாது என்கிறது. ஆகவே பேட்டரி வெளியே இருக்க வேண்டும். அல்லது, உட்புறம் அடைத்து வெளிப்புறம் காற்றோட்டம் விட்ட பெட்டியில் இருக்க வேண்டும். படுக்கைக்கு அடியில் சும்மா தள்ளி வைக்கும் பழக்கம் கூடவே கூடாது. பேட்டரியை ஒட்டியே தகுந்த உருகியும் இருக்க வேண்டும். குறுக்கிணைப்பு ஏற்பட்டால் லித்தியம் கொட்டும் மின்சாரம் மிகப் பெரிது. இந்த வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

இன்னொன்று. எங்கள் பேட்டரி, காரோடு கொக்கி மாட்டும் முன்புறச் சட்டத்தில் இருந்தது. அங்கே 18 கிலோ குறைந்தால் வண்டியின் பின்பாரம் கூடிவிடும்; வேகத்தில் பின்பக்கம் ஆடலாம். மருமகன் தண்ணீர்க் கேன்களை முன்னே நகர்த்திச் சமன் செய்தார்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஒரே ஒரு 100 ஆம்பியர் மணி பேட்டரிதான். கூடவே டிசி-டிசி சார்ஜர், மடக்குத் தகடு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணிக் காட்டும் அளவி. லித்தியம் ஏறக்குறையத் தீரும்வரை ஒரே வோல்ட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். வோல்ட்டை மட்டும் பார்த்து மீதியைச் சொல்ல முடியாது. அதனால் அந்த அளவி அவசியம்.

2024-இல் அதே கடற்கரையில் நான்கு இரவுகள் தங்கினோம். குளிர்பதனப் பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனாலும் என் மனைவி இன்சுலினில் பாதியைத் தண்ணீரில் நனைத்துக் குளிர்விக்கும் தனிப் பையில் வைத்திருந்தார். “பேட்டரி நல்லதுதான். அதுக்காக எல்லாத்தையும் ஒரே இடத்துலயா வைக்கிறது?” என்றார். அவர் சொன்னதும் சரிதானே?

ஆகவே, செலவை எழுதுங்கள். நிரப்பும் வழியைச் சரி செய்யுங்கள். வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள்.